ஒன்பதுக்கு ஒன்று

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்
சிடன்ஹாம் சரிவின் விளக்குகள்
தனித்தனி வீடுகளாக இருக்க மறுக்கின்றன.
மஞ்சளாய் ஒரு திட்டு,
அதையொட்டி இருட்டாய் ஒன்று.
இன்று யாருக்கு மின்வெட்டு என்று
பட்டியல் பாராமலே சொல்லிவிடலாம்.
என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான்,
சம்பளத்தோடு.

திரையில் ஐந்து லட்சத்துச் சொச்சம் கட்டங்கள்.
கட்டத்துக்கு ஓர் அம்பு,
மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும்;
சாய்ந்து நிற்க அனுமதி இல்லை.
இரும்புக்குள் இப்படித்தான் என்று
இரும்பைக் கேட்காமல் எழுதிக்கொண்டோம்.
மூன்றுக்கு மூன்றாய் வகுந்து
ஒன்பது அம்புகளின் இடத்தில் ஒன்றை வைக்கிறேன்.
ஐந்து எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம்.
ஆறு முறை மடக்கினால்
மொத்தக் காந்தமும் ஓர் அம்பு.

"திரும்பி வர வழி உண்டா?" என்றாள் நொக்வாசி,
முதல் வாரத்தில்.
இல்லை.
அந்த ஒன்று
இருநூற்று ஐம்பத்தாறு விதங்களில் பிறந்திருக்கலாம்,
எந்த விதம் என்று அதற்கே தெரியாது என்றேன்.
நன்றாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை குடியிருப்புக் கூட்டம்.
ஒன்பது படிக்கட்டுகள், படிக்கட்டுக்கு ஒன்பது வீடுகள்.
குழாய் வறண்டு பதினோரு நாள்.
மொட்டை மாடியில் தொட்டி வைப்பதா வேண்டாமா,
வீட்டுக்கு ஆறாயிரம் ராண்ட்.
துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டோம்.
"படிக்கட்டுக்கு ஒரு வாக்கு,
சீக்கிரம் முடியும்" என்றார் தயாளன் படையாச்சி,
வாயில் பாதி சமோசாவோடு.
நான்கு படிக்கட்டுகள் வேண்டும் என்றன.
ஐந்து, வேண்டாம்.
தொட்டி இல்லை.

வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை.
தயாளனிடம் சீட்டுகளை வாங்கி
சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.
வேண்டாம், இருபத்தேழு.
வேண்டும், ஐம்பத்து நான்கு.
இன்னொரு முறை எண்ணினேன்.
தோற்ற படிக்கட்டுகளில் ஏறக்குறைய எல்லாரும் தாகத்தோடு,
வென்றவற்றில் மயிரிழை வித்தியாசம்.
பாடத்தில் வருகிற கணக்குதான்.
மேசையில் ஈரச் சீட்டாய்ப் பார்த்ததில்லை.

எட்டாம் படிக்கட்டில் எட்டு வேண்டும், ஒரு வேண்டாம்.
அந்த ஒன்று என்னுடையது.
கியர்பாக்ஸ் போன மாதம்,
ஆறாயிரம் இல்லை, அவ்வளவுதான்.
என் படிக்கட்டு என்னை அழித்தது.
கட்டடம் எடுத்து
என்னை நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

குளிர வைத்தால் காந்தம் ஒரே நிறம்.
சூடேற்றினால் தூசி.
இடையில் ஒரே ஒரு வெப்பம்,
கொஞ்சம் தவறினாலும் நழுவிப்போகும்.
அங்கே எத்தனை முறை மடக்கினாலும் அதே படம்:
ஏரிக்குள் தீவு, அந்தத் தீவுக்குள் ஏரி.
ஒரு மூலையில் ஓர் அம்பு தலைகீழானால்
எதிர் மூலை வரை நடுக்கம் போகும்.
பத்து வருடமாக அந்தப் புள்ளியைத்தான்
தசமத்துக்குப் பின்னால் துரத்துகிறேன்.

இரவு பத்தரை.
கோகிலம் நாயக்கர் வாளியோடு ஏறுகிறார்,
லாரித் தண்ணீர், மூன்றாம் மாடி.
தளும்பும் ஒவ்வொரு முறையும் நிற்கிறார்.
என் கதவருகே கொஞ்சம் கூடுதலாக.
கண்ணாடியைத் தேடுகிறேன்.
மேசை மேல்தான் எங்கோ,
சீட்டுகளுக்கு அடியில்.