நாலு நாளைக்கு ஒன்று

ஒன்பது இருபதுக்குள் செயலியில் ஏற்றியாக வேண்டும்.
சிக்னல் கிடைக்கிற ஒரே இடம்
சத்துணவுக் கூடத்தை ஒட்டிய முருங்கை மரத்தடி.
கைப்பேசியை உயரப் பிடித்து நிற்கிறேன்,
தாளிக்கிற புகைக்குள்
நாற்பத்தொன்றில் முப்பத்தாறு.

பதினேழு வரவில்லை. பேர் லிங்கேஷ்.
"கட் அடிச்சிட்டான் மிஸ்" என்கிறது கடைசி பெஞ்ச்.
"அஞ்சு ரோடு பாலத்துக்கு அடியில பாத்தேன்."
"இல்ல மிஸ், பழைய பஸ் ஸ்டாண்டுல."
பார்த்தவர்கள் எல்லாருமே
அந்நேரம் வகுப்பில்தான் இருந்தார்கள்.

அம்மாவை வரவழைத்தோம்.
லீ பஜாரில் வெங்காயம் தரம் பிரிக்கிற கை
அம்சவேணி என்று எழுத்துக் கூட்டிப் போட்டுவிட்டுப் போனது.
மை காய்வதற்குள்
அடுத்த ஆப்சென்ட்.

மாதக் கூட்டல் போட உட்கார்ந்த சனிக்கிழமை
அவன் வரிசையில் மட்டும் சிவப்பு
எண்ணி வைத்ததுபோல் விழுந்திருந்தது.
திங்கள், வெள்ளி, செவ்வாய்,
அப்புறம் ஒரு புதன், ஒரு வியாழன்.
நடுவில் இரண்டை விடுமுறை விழுங்கியிருந்தது.
ஊர் சுற்றுகிறவனுக்கு
இத்தனை ஒழுங்கு ஏது?

கிச்சிப்பாளையத்துச் சந்தில்
எட்டரை மணிக்குக் குழாய் இருமியது.
பதினேழு குத்தவைத்திருந்தான்.
குடங்கள், பெயின்ட் வாளி, பால் கேன்,
தங்கையைக் குளிப்பாட்டுகிற பேசின் வரைக்கும்
வரிசை போட்டு
ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு.
நின்றபோது பத்தே முக்கால்.
அப்பா பேச்சை அவன் எடுக்கவில்லை,
நானும்.
"நாலு நாளைக்கு இதாங்க மிஸ்" என்றான்,
வீட்டுப்பாடம் காட்டுகிறவன்போல.

இத்தனை மாதம்
நான் சிவப்பில் குறித்துக்கொண்டிருந்தது
தண்ணீரின் வருகைப் பதிவேடு.

செயலியில் அதற்குக் கட்டம் கிடையாது.
எதிர்வீட்டு மும்தாஜ்தான் கத்தினாள்:
"அட, கேட்டா நான் புடிச்சு வெக்க மாட்டனா?
வாயத் தொறந்தாத்தான?"
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
ஒரு பச்சை ஹோஸ் வாங்கிக் கொடுத்தேன்.
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத திட்டம்.
ஏழு வாரம்
"உள்ளேன் மிஸ்" விடாமல் கேட்டது.
குரல் அதற்குள் உடைய ஆரம்பித்திருந்தது.

பிறகு ஒரு புதன்.
தண்ணீர் விடாத நாள்.
பதினேழு இல்லை.

மறுநாள் தலை குனியாமல் நின்றான்.
ஏற்காடு பஸ் ஏறிப் போனானாம், தனியாக,
இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டு.
"எதுக்குடா?"
"சும்மாங்க மிஸ்."
கொஞ்ச நேரம் சாக்பீஸ் தூளைப் பார்த்தான்.
"அங்க ஏரியில தண்ணி பாட்டுக்கு நிக்குதுங்க மிஸ்.
ஒருத்தரும் குடம் வெக்கல.
காசு குடுத்து
அதுமேல பெடல் மிதிச்சிட்டுப் போறாங்க."

நேற்றைய கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
ஆப்சென்ட் போட்டேன்.

இது ஒன்றுதான்
அவனே எடுத்த விடுப்பு.