மணிக்கணக்கு

தொரை ஓட்டிக் கழித்த லேண்ட் ரோவர்.
என்னைவிடப் பதினாறு வயது மூப்பு.
ஏலத்தில் எடுத்த அன்று பொனட்டைத் திறந்தால்
பிஸ்டன் இறுகிப்போன ஓர் இரும்புக் கட்டி,
அதன்மேல் எலி கட்டிய கூடு.

ஆளுக்கொரு இன்ஜின் சொன்னார்கள்.
கொழுந்தன் குணசீலன்:
"டிடி இருபத்தேழு போடுங்க மதினி,
அட்டன்ல எல்லாருமே அதத்தான் போடுறான்."
நகை அடகுக்காரர்: "வி எட்டு பெற்றோல்.
உறுமினா நல்லதண்ணி வரைக்கும் கேக்கணும்."
தவணைப் பணம் எப்போது என்பதை மட்டும்
மெதுவாகக் கேட்டார்.

நான் ரோட்டைக் கேட்டேன்.
மஸ்கெலியா டவுனிலிருந்து மேல் டிவிசன்
பதினொரு கிலோமீட்டர்.
ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து
குவைத்தில் வாங்கிய போனில் அளந்தேன்.
ஐம்பத்தாறு முடக்கு.
மூன்றாம் கியர் விழ இரண்டே இடம்,
அதில் ஒன்று பிள்ளைமடுவ வாசல்.
மிச்சமெல்லாம் கல், கான், மறுபடி கல்.
ஆகக்கூடிய வேகம் இருபத்திரண்டு,
அதுவும் இறங்கும்போது, பயத்தில்.

பஞ்சிகாவத்தையில் ஃபவ்மி நானாவின் கடைக்குள்
ஜப்பான் இன்ஜின்கள் பொலித்தீன் சுற்றி அடுக்கியிருக்க
மூலையில் தனியே கிடந்தது
அம்பாறைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய
நெல் வெட்டும் மெஷினின் இன்ஜின்.
நாலு சிலிண்டர். கம்ப்யூட்டர் இல்லை.
"அது வயலுக்கு உள்ளது தங்கச்சி,
ரெண்டாயிரத்து எழுநூறு சுத்துக்கு மேல போகாது."
எங்க ரோட்டுல அதுக்கு மேல
எதுவுமே போகாது நானா, என்றேன்.

அதில் ஒரு கவனர் இருக்கிறது.
பாரம் ஏறினால், மிதிக்காமலே
கூடுதல் டீசலைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளும்.
கூடுதல் வேலைக்குக் கூடுதல்
கேட்டு வாங்கத் தெரிந்த ஒன்றை
தோட்டத்துக்குக் கொண்டுபோக ஆசையாக இருந்தது.
நாலாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டேன்.
மூவாயிரம் குறைத்தார்.

நிஹால் பாஸ் கராஜ் வாசலில் நின்று சிரித்தார்:
"முன்னுக்குக் கத்தியும் பூட்டவா?"
பிறகு ஏழு வாரம் சிரிக்கவில்லை.
கியர் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போட
லேத்தில் கடைந்த தகடு இரண்டு மில்லி பிசகு.
எண்ணெய்த் தொட்டி அச்சில் இடித்தது,
வெட்டி, ஒட்டி, ஒழுகி, மறுபடி ஒட்டி.
காற்று வடிகட்டியைத் தட்டினால்
கையளவு உமி கொட்டியது.
தேயிலைத் தூசி மட்டுமே விழுந்த தரையில்
அது கொஞ்ச நேரம் மஞ்சளாகக் கிடந்தது.
பாஸின் மகன் கூட்டி அள்ளிவிட்டான்.

இன்ஜின் மாற்றிய பதிவுக்கு
வேரஹெரவில் மூன்று வரிசை.
படிவத்தைப் புரட்டிய கிளார்க்குக்குக் குழப்பம்:
"விவசாய இயந்திரமா? உங்களுக்கு வயல் இருக்கா?"
வயல் இல்லை.
ஏழு பேர்ச் வீட்டுக் காணிக்கே
உறுதி இன்னும் வரவில்லை.
"அப்ப எதுல எழுதுறது?" என்று
அவர் என்னையே கேட்டார்.

முதல் ஹயர்: நாலு காஸ் சிலிண்டர்,
ஆறு மூட்டை மா, புஷ்பமலர் டீச்சர்.
கிலோமீட்டர் முள் எப்போதோ செத்துவிட்டது.
பக்கத்தில் நான் கம்பி கட்டிப் பொருத்தியது
மெஷினோடு வந்த மணி மீட்டர்.
"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு,
இது என்ன கணக்கு பவளம்?"
வயலில் ஓடிய மணித்தியாலம், என்றேன்.
மணிக்கு ஓர் ஏக்கர் என்று வைத்து
மனதுக்குள் பெருக்கியிருக்க வேண்டும்.
இரண்டு முடக்குத் தாண்டிச் சொன்னார்:
"நம்ம தோட்டத்தவிடப் பெருசுடி."

முப்பத்தோராம் முடக்கில் ஆவி.
தண்ணீர்க் குழாயின் கிளிப் கழன்றிருந்தது.
இன்ஜினை நிறுத்திவிட்டு, சூடு ஆறட்டும் என்று
கானில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
டீச்சர் மா மூட்டையில் சாய்ந்து
கடலை உரித்தார், எனக்கும் பாதி.
மலையேறிக்கொண்டிருந்த பெண்கள்
"என்னடி, புது இன்ஜினா?" என்று கேட்டுப் போனார்கள்.
முக்கால் மணி நேரம் இருக்கும்.
மீட்டரைப் பார்த்தேன்,
அது அதை எழுதவில்லை.