உப்பின் மஞ்சள்

ஏரியிலிருந்து கிளம்பிய மூடுபனி
நூலக வாசலில் வந்து நிற்கத் தொடங்கிப் பத்தாவது நாள்
ஏழாம் பெட்டியைத் திறந்தேன்.
ஞா. தேவவரம், வேதியியல்,
கொடைக்கானல், 1909 முதல் 1917.

மேலாகக் கிடந்தது ஆராய்ச்சி இல்லை.
சலவைக் கணக்கு. பால் பாக்கி.
சுமைகூலிச் சீட்டுகள் நூற்றுப்பன்னிரண்டு.
மணவாளக்குறிச்சிப் பழுப்பு மணல்
பெரியகுளம் அடிவாரம் வரை வண்டியில்,
அப்புறம் தலையில்.
மூட்டைக்கு ஐந்தணா.
கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரல்.
ஒரு விரலில் குறுக்கே தழும்பு;
எட்டு வருடமும் அதே தழும்பு மலையேறியிருக்கிறது.
பக்கத்தில் அவர் எழுதிய பெயர்: ஒச்சு.

மணலைச் சுட்டால்
உள்ளே அடைபட்ட வாயு வெளியேறும்.
எதனோடும் சேராது. எரியாது.
நிறமில்லை, மணமில்லை.
விளக்கொளியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மஞ்சள் கோடு,
சூரியனில் முதலில் கண்ட அதே கோடு,
அதுதான் அதன் மொத்த முகவரி.

தொல்லை என்னவென்றால்
உப்புக்கும் மஞ்சள்.
ஒரு நூல் தள்ளி, பக்கத்து வீட்டில்.
விரல் வியர்வை போதும் பொய் சொல்ல.
இதுவோ கடல் மணல்.

மார்ச் 3. மஞ்சள். உப்பு.
மார்ச் 9. மஞ்சள். உப்பு.
ஏப்ரல் 21. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தந்தி. பார்க்கவில்லை.
ஜூன் 2. மஞ்சள். உப்பா?

அந்தக் கேள்விக்குறியின் மை
அடுத்த மூன்று தாளுக்கும் இறங்கியிருக்கிறது.

பாளையங்கோட்டைக்கு எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதம்:
"தங்கபுஷ்பம், உன் காகிதத்தில் ஈரம் பட்டுக் காய்ந்த இடத்தைக்
கத்தரித்துச் சுடரில் காட்டினேன்.
மஞ்சள்தான். மன்னித்துக்கொள்."

இராமபாணம் அரித்த தாள்களை
உறையிலிட்டு ஆர்கான் நிரப்பச் சொல்லி உத்தரவு.
பூச்சி மூச்சுமுட்டிச் சாகுமாம்.
வத்தலக்குண்டு வெல்டிங் பட்டறையிலிருந்து சிலிண்டர் வந்தது.
"இது என்னப்பா செய்யும்?" என்றேன்.
"ஒண்ணுமே செய்யாதுக்கா.
அதுக்குத்தான் இந்த விலை."

பெட்டியின் அடியில், பஞ்சுக்குள்,
நெல்லிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ்.
வாயை உருக்கி அடைத்திருக்கிறார்.
சீட்டில் அந்த ஜூன் 2.

சென்னையில் விசாரித்தேன்.
அந்த வாயு கண்ணாடிக்குள்ளும் மெல்லக் கசியும்,
நூறு வருடம் தங்காது, என்றார்கள்.
அப்படியானால்
அவர் பிடித்திருந்தால் அது போயிருக்கும்.
பிடிக்காமல் இருந்திருந்தால்
அப்போதே ஒன்றுமில்லை.
இரண்டுக்கும் இதே குமிழ்.

மின்சாரம் போனது.
ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தேன்.
வெளியே பனி, உள்ளே பனி தெரிந்தது.
பட்டியலில் 'உள்ளடக்கம்' என்ற கட்டம்
என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.
அதை விட்டுவிட்டு
அடுத்ததில் எழுதினேன்:
குமிழ் ஒன்று. பழுதில்லை.