கணக்கெடுப்பு இரவு

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காலாவதிக்கு இரண்டே நாள் இருந்த
முக்கோணச் சிப்ஸ் பாக்கெட்டுகளைப்
பிரித்து அட்டைப்பெட்டி மேல் கொட்டினோம்.
மக்காச்சோளமாம். மெக்சிகோவாம்.
ஒட்டியிருந்த விலை நூற்று நாற்பது.

வெறும் உப்பு போட்டதுதான் சிப்ஸ் என்றாள் அமலோற்பவம்,
மற்றதெல்லாம் மசாலாவை நக்க ஒரு சாக்கு.
தணிகாசலம் சீஸ் கட்சி.
ஆரஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகச்
சூப்பிக்கொண்டே வாதாடினார்.
எனக்கு எதுவானாலும் அடியில் கிடக்கும் தூள்.
பாக்கெட்டை வாயில் கவிழ்த்தேன்.
"இதெல்லாம் ஒரு கட்சியா?"
அன்றிரவு இருவரும் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

நெல்லித்தோப்பில்
கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
பருப்பு மூட்டைகள் எண்ணாமல் கிடந்தன.

காலையில் ஷட்டரைத் தூக்கினால்
மூன்றாம் அடுக்கில் எலி வந்து போயிருக்கிறது.
சீஸ் பாக்கெட்டில் ஒரு பல்லும் படவில்லை.
உப்பு பாக்கெட் ஐந்திலும் ஓட்டை.

அமலோற்பவம் ஒன்றும் சொல்லவில்லை.
துடைப்பத்தை எடுத்துத்
தணிகாசலத்திடம் நீட்டினாள்.
குனிந்து பெருக்கியபடியே சொன்னார்:
"உள்ளூர் எலி.
அதுக்கென்ன தெரியும்."