முப்பத்தேழாவது அலை

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பார்கள்.
எங்கே கட்டுவது என்று
யாரும் சொல்வதில்லை.

வாசலிலேயே கட்டினான் வீப்ரன், முதல் வாரம்.
எதிரி நுழையும் இடத்தில்
எட்டு வில் கோபுரங்கள், தோளோடு தோள் ஒட்டி.
பதினோராவது அலையில் வந்தவை
குள்ளமானவை, ஓடத் தெரிந்தவை.
இரண்டாம் அம்பை நாணேற்றுமுன்
தாண்டிப் போய்விட்டன.
அதற்கப்புறம் கோட்டை வரை
குறுக்கே ஒரு கல்லும் இல்லை.

ஃப்ரீஸ்லாந்தில், கடல் மட்டத்துக்கு
ஒன்றரை மீட்டர் கீழே,
நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி.
நான்கு பம்புகள். ஒரு காபி இயந்திரம்.
மழை இல்லாத இரவுகளில் வேலை என்பது
ஒரு முள் அசையாமல் இருப்பதை
எட்டு மணி நேரம் பார்த்திருப்பது.
அதனால் மடிக்கணினி.

ஷிஃப்ட் மாற்ற வந்த யில்டாவ்
மழைக்கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
வளைவில் வை.
பாதை மூன்று பக்கமும் சுற்றுகிற மூலையில்
ஒன்று போதும்.
போகையில் ஓர் அடி, திரும்புகையில் ஓர் அடி,
தப்பித்தோம் என்று நினைக்கையில் ஓர் அடி.

அவளும் ஆடுகிறவள்தான். ஒத்துக்கொண்டதில்லை.

பிறகு பழகிக்கொண்டான்.
பனிக் கோபுரம் எதையும் கொல்லாது,
ஆனால் அதை முன்னால் வைக்காவிட்டால்
பீரங்கி வெறும் சத்தம்.
ஆறு குட்டிக் கோபுரங்களின் காசில்
ஒன்றை முழுசாக வளர்த்துவிடு.
பாதையை ஜிலேபியாய்ச் சுற்று, நீட்டு, மடக்கு.
அடைக்க மட்டும் முடியாது.
கடைசிக் கட்டத்தில் கல் வைத்தால்
சிவப்பாய் மின்னி மறுத்துவிடும்.
ஏதோ ஒரு வழி விட்டே தீர வேண்டும்,
இந்த ஊர் வாய்க்கால்களில் போலவே.

"உயிர் இருபது இருக்கிறதே," என்றாள் ஒருநாள்,
"அதுவும் காசுதான்.
மூன்றை விட்டுக்கொடு,
அந்த நேரத்தில் பெரியதைக் கட்டி முடி."
அதே மூச்சில் சொன்னாள்:
"வானத்துக்கு எதற்குச் செலவு?
இந்த வரைபடத்தில் பறப்பவை வருவதே இல்லை."

நவம்பர். வடமேற்குக் காற்று
கடலைத் தூக்கிப் பிடித்திருந்த இரவு.
முப்பத்தாறு அலைகளைத் தாண்டியிருந்தான்.
அப்போது முள் அசைந்தது.

மூன்றாம் பம்பின் வாயில் நாணல் குப்பை.
கொக்கியோடு வெளியே ஓடினான்.
மடிக்கணினியை நிறுத்திவிட்டுப் போகத் தோன்றவில்லை.
இழுக்க இழுக்க வந்தது:
நாணல், ஒரு மிதவை, யாருடையதோ
பிளாஸ்டிக் நாற்காலி.
நீர் மட்டம் மட்டும் ஏறிக்கொண்டேயிருந்தது,
பத்து நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.

யில்டாவை அழைத்தான்.
இரண்டு தெரு வீடுகள் ஒரு பக்கம்,
பவுக்கவின் மேய்ச்சல் நிலம் மறுபக்கம்.
தொலைபேசியில் கொஞ்சம் மழை கேட்டது.
"திற," என்றாள்.

பவுக்க டார்ச்சோடு வந்து நின்றார்.
நாற்பத்தியொரு ஆடுகளை மேட்டுக்கு ஏற்றியாகிவிட்டது.
மதகு உயர்ந்ததும்
தண்ணீர் அவசரமே இல்லாமல்
புல்லுக்குள் நடந்து போனது,
வளைவு வளைவாக,
யாரோ வரைந்து கொடுத்த பாதையில் போல.
அவர் எதுவும் பேசவில்லை.
வெளிச்சத்தை மட்டும்
வீப்ரன் முகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

விடியும்போது முள் பழைய இடத்தில்.
திரையில்:
முப்பத்தேழாவது அலை, கோட்டை வீழ்ந்தது.
சிறகுள்ளவை வந்திருக்கின்றன.
ஜிலேபிக்கு மேலே நேர்கோட்டில்.
பறப்பவைக்கு வளைவு தெரியாது.
பீரங்கிகள் எல்லாம் தரையைப் பார்த்தபடி
புத்தம் புதிதாய் நின்றன.

யில்டாவ் வந்து பார்த்தாள்.
"ஓ," என்றாள். காபி போட்டாள்.

மறுபடி முதல் அலையிலிருந்து.
வாசலில் பழக்கதோஷத்தில் வைத்த இரு விற்களை
உடனே விற்றான்.
விற்றால் எழுபது சதவீதம் திரும்பும்;
கட்டியதைக் கலைக்கவும்
அந்த விளையாட்டில் ஒரு கணக்கு உண்டு.

பவுக்கவின் புல்லுக்கு
எத்தனை சதவீதம் என்று
அலுவலகத்திலிருந்து
இன்னும் கடிதம் வரவில்லை.