நாலாம் நம்பர் அறை

உப்புவெளியில் காத்து மாறின மாசம்.
நாலாம் நம்பர் அறையில் லுட்மிலா எண்டு ஒருத்தி.
என்ர வயசுதான், ஆனால் அரைக் காற்சட்டை.
படுக்கை விரிப்பை உருவப் போனால்
மற்ற மூலையைத் தானே பிடிச்சு உதறுவாள்.
மடிச்சு மடிச்சுக் கிட்ட வந்து
விரல் முட்டினதும் ரெண்டு பேரும் சிரிப்பம்.
அதுதான் முதற் கதை.

பிறகு போனை நடுவில் வைச்சாள்.
அவள் தன்ர பாஷையில் சொல்லச் சொல்ல
அது பத்திரிகைத் தமிழில் ஒப்புவிச்சது:
"நான் துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்கினேன்."
கடலோரம் பனி உறையிற ஊராம். முப்பது மீற்றர் உயரம்.
கீழே ஆம்பிளையள் எறும்பு மாதிரி.
எட்டு மணித்தியாலம் மேலே சமம்.
இறங்கினால் பாணுக்கு வரிசை, அடுப்பு, பிள்ளை,
வெறியில வாற மனுசன்.
"சமத்துவம் என்றால் இரண்டு வேலை" எண்டது போன்.
அவள் சொன்னதோ, போன் கூட்டிச் சொன்னதோ தெரியாது.

நாடு கவிழ்ந்தது ஒரு டிசம்பரில்.
பாரந்தூக்கியை ஆரோ பழைய இரும்புக்கு வித்துப்போட்டினம்.
சுவரைப் பார்த்துப் படுத்த மனுசன்
எழும்பேல்லை.
இவள் காலுறை மூட்டையோட எல்லை எல்லையாய்த் திரிஞ்சு
மகளைப் படிப்பிச்சாள்.
மகள் இப்ப சொல்லுறாளாம்:
வேலைக்குப் போகாமல் இருக்கத்தானே அம்மா
நான் கலியாணம் முடிச்சது.

இதுக்கு நான் என்ன சொல்ல?
எங்கட வீட்டிலயும் வகுப்பு நடந்தது,
எழுபத்தெட்டில், லிங்கநகரில், சனிக்கிழமையள்.
யோகரெத்தினம் துறைமுகச் சங்கத்துச் செயலாளர்.
பெண் விடுதலை மூண்டு கிழமை போனது.
ஒம்பது தேத்தண்ணி. ரெண்டுக்குச் சீனி இல்லை.
வந்த எல்லாரும் "தோழர்",
நான் "இஞ்ச".

சங்கக் கந்தோரில் இப்ப போன் திருத்தீனம்.
வாசலில் மான் நிண்டு பொலித்தீன் தின்னுது.
எந்த இயக்கம் வந்தது, எந்தப் படை போனது,
அவரின்ர கோப்பை மட்டும்
மேசையில் அதே இடத்தில், கவிட்டபடி,
நான் வந்து நிமித்தும் வரைக்கும்.

"உங்கட ஊரில் ஆளுக்காள் எப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?"
கேட்டன்.
அவள் ஒரு சொல் சொன்னாள்.
போன் கொஞ்சம் யோசிச்சு
"சரக்கு" எண்டது.

கந்தளாய் பஸ்ஸில்
பொடியள் என்ர மகளைப் பார்த்துச் சொன்ன சொல்.

முகம் மாறினதைக் கண்டிருப்பாள்.
தலையை ஆட்டி, போனை வாயோட வைச்சு
பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி
திரும்பச் சொன்னாள்.
"தோழர்" எண்டு திருத்திக்கொண்டது.
ரெண்டுக்கும் அரை மூச்சுத்தான் வித்தியாசமாம் அங்க.

பின்னேரம் வீட்டை போனன்.
கோப்பை கவிட்டபடி. செய்தி ஓடிக்கொண்டிருக்கு.
செருப்பும் கழட்டாமல் கதிரையில் இருந்து சொன்னன்:
"தோழர், பசிக்குது. சோத்தைப் போடும்."

ஆர் வந்தது எண்டு
மனுசன் வாசலைப் பார்த்தது.