அந்த முனை

இரவு இரண்டே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
எட்டு மாடியும் ஒரே குரலில் "வந்திருச்சு!" என்றது.
பக்கத்து வீட்டு ஜுஜுனா சலவை இயந்திரத்துக்கு ஓடினாள்,
நிறுவனத்திலிருந்து தூக்கிவந்த கணினிக்கு நான்.

திபிலிசியில் இந்தக் குளிர்காலம்
நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வெளிச்சம்.
மீதியெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.

என்னதான் தேடுகிறாய் என்று ரொட்டி வரிசையில் கேட்டார்கள்.
காந்தத்தை உடைத்தால் இரண்டு காந்தம்,
இன்னும் உடைத்தால் நாலு.
தெற்கே இல்லாமல் வடக்கு மட்டும்
தனியாக ஒன்று இருந்தால்... என்றேன்.
யாராவது பார்த்திருக்கிறார்களா?
இல்லை.
பாவம், என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.
யாரைச் சொன்னாரோ.

முள்ளெலி மாதிரி அது:
எல்லாத் திசையிலும் வெளியே பார்க்கும் முட்கள்.
எந்தப் பக்கம் சீவினாலும் ஒரு முள்ளாவது படியாது.
அதனால் அழியாது என்பது பழைய கணக்கு.

என் கேள்வி வேறு.
அதன் எடையை அதன் தலையிலேயே ஏற்றினால்?
ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டினேன், சுருங்கியது.
இன்னும் கொஞ்சம்.
தாங்கியது.
ஓர் எல்லைக்கு அப்பால் முள்ளும் கிடையாது, எலியும் கிடையாது,
காந்தத்தை மட்டும் வெளியே விட்டுவைத்த
கருந்துளை.

அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி
மெல்லத் தட்டிப் பார்க்கிறேன்.
சும்மா அதிர்ந்துகொண்டிருந்தால் பிழைத்தது.
விடைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்தால்
நடுக்கம் வளர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

ஓத்தார் என்னோடு இதைத் தொடங்கினான்.
இப்போது ஹானோவரில் டாக்சி ஓட்டுகிறான்.
வாடகை, பல்வலி, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிவிட்டு
கடிதத்தின் அடியில் கேட்கிறான்:
குறி என்ன?

நாலு மணிக்குச் சுவருக்கு அப்பால் இயந்திரம்
துணி பிழிய ஆரம்பித்தது. பல்பு மங்கியது.
திரையில் எண் விழுந்தது:
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், நாலு

இருட்டு.
எட்டு மாடிக்கும் ஒரே பெருமூச்சு.

மீதி இலக்கங்கள் போகட்டும்.
முதல் பூஜ்யத்துக்கு இடப்பக்கம்
குறி நிற்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றும் இல்லாததை
நான் பார்த்தேன்.

தீப்பெட்டியைத் துழாவும்போது கதவு தட்டும் சத்தம்.
ஜுஜுனா. கையில் தண்ணீர் சொட்டும் போர்வை.
"பாதியில் நின்று போச்சு. தனியாளாகப் பிழிய முடியாது.
அந்த முனையைப் பிடி."

பிடித்தேன்.
அவள் அந்தப் பக்கம் முறுக்க, நான் இந்தப் பக்கம்.
படிக்கட்டெல்லாம் தண்ணீர்.